கவுன்சில் ஏற்காத சான்றிதழ்: பச்சிளங்குழந்தைச் செவிலியராக நான் கடந்து வந்த பாதை

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) பணிபுரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நர்சிங் கல்லூரிகளின் இறுதியாண்டில் எப்போதும் இருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்குள் நுழைய என்ன படிக்க வேண்டும், யார் தரும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டவே கூடாது என்பதை நான் படித்து முடித்த காலத்தில் எனக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து நர்சிங் படித்த அக்காக்கள் இருவரும் திருமணமாகி வெளியூர் சென்றுவிட்டார்கள். இந்தப் பாதையில் நான் ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தையும், வட்டியோடு சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயை நெருங்கும் தொகையையும் இழந்தேன். என் பின்னால் வருகிறவர்களுக்கு அந்த இழப்பு நேரக் கூடாது என்ற எண்ணத்தில்தான் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

அடிப்படையிலிருந்து தொடங்கி விடுகிறேன். செவிலியராக வேண்டுமானால் மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயப் படிப்போ, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்போ முடித்து, மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் பட்டப் படிப்பு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பதிவு செய்வது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். பதிவு கிடைத்த பிறகே ஒருவர் சட்டப்படி செவிலியர் ஆகிறார். இந்த அடிப்படைப் படிப்பில் பச்சிளங்குழந்தையைப் பற்றிய பாடம் இரண்டு இடங்களில் வரும். மகப்பேறு நர்சிங் தாளில் பிறந்தவுடன் செய்ய வேண்டிய பராமரிப்பும், குழந்தைகள் நல நர்சிங் தாளில் குறைமாதம், மஞ்சள் காமாலை, நோய்த்தொற்று ஆகியவையும் இருக்கும். ஆனால் நேரடியாக அந்தப் பிரிவில் நின்று பார்ப்பதற்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அதுவும் மாணவிகள் குழந்தையைத் தொடாமல், சுவரோரம் நின்று குறிப்பெடுக்கிற வாரங்களாகவே பெரும்பாலும் கழிந்துவிடும்.

அந்தச் சில வாரங்களில்தான் என் மனம் அங்கே நிலைத்தது. அரசு மருத்துவமனையின் எஸ்.என்.சி.யு. என்ற சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் எங்களுக்குப் பயிற்சி. மேற்கு வங்காளத்தின் புருலியாவில் 2003இல் தொடங்கப்பட்ட மாதிரியை ஒட்டி நாடு முழுவதும் மாவட்ட அளவில் ஏற்படுத்தப்பட்ட பிரிவுகள் இவை. 1,800 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்தவர்களும், மூச்சுத் திணறலோடு வந்தவர்களும் அங்கே அனுமதிக்கப்படுவார்கள். ஒரு மூத்த சிஸ்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுக்குச் சிறிய ஒரு பெண் குழந்தைக்குப் பாலாடை என்ற சிறு மூக்குக் கிண்ணத்தில் தாய்ப்பால் புகட்டிக்கொண்டிருந்தார். குழந்தை ஒவ்வொரு முறை விழுங்கி முடிக்கும் வரை காத்திருந்து, மூச்சைக் கவனித்து, பிறகே அடுத்த துளியைச் சாய்த்தார். அந்தப் பொறுமையும் கவனமும் எனக்குக் கைகூட வேண்டும் என்று அன்றைக்கு விரும்பினேன். இன்றும் அந்த விருப்பத்தில் மாற்றம் இல்லை.

படிப்பு முடிந்து கவுன்சில் பதிவும் கிடைத்த சில மாதங்களில், ஒரு பெருநகரத்தில் உள்ள தனியார் பயிற்சி மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. ‘என்.ஐ.சி.யு. நர்சிங் டிப்ளமோ, ஓராண்டு, நூறு சதவீத வேலைவாய்ப்பு, வெளிநாட்டு வாய்ப்பு’ என்றிருந்தது. கட்டணம் 85,000 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 5,500 ரூபாய். அப்பாவோடு நேரில் சென்றேன். வரவேற்பறையில் வெண்டிலேட்டர் படங்களும், வெளிநாட்டில் வேலை கிடைத்தவர்கள் என்று சொல்லப்பட்ட பெண்களின் புகைப்படங்களும் இருந்தன. இந்தப் படிப்பைக் கவுன்சில் ஏற்குமா என்று நான் கேட்டேன். “அதெல்லாம் ப்ராசஸ்ல இருக்கும்மா, உங்க பேட்ச் முடியறதுக்குள்ள வந்துடும்” என்றார் நிர்வாகி. எழுத்தில் தர முடியுமா என்று கேட்டபோது, விவரக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அதில் ஓர் அறக்கட்டளையின் பதிவு எண்ணும், தரச் சான்று ஒன்றின் முத்திரையும் அச்சிடப்பட்டிருந்தன. அப்பா என் முகத்தைப் பார்த்து, “உனக்குப் புடிச்சிருக்குல்ல தாயி, படி” என்று மட்டும் சொன்னார். அம்மாவின் சங்கிலி நகைக்கடனுக்குப் போனது.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். அறக்கட்டளைப் பதிவோ, சங்கப் பதிவோ, நிறுவனப் பதிவோ, தரச் சான்று முத்திரையோ ஒரு செவிலியப் படிப்புக்கு அங்கீகாரம் ஆகாது. செவிலியப் படிப்புகளின் பாடத்திட்டத்தையும் தகுதியையும் வகுத்தது 1947ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அதற்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்கும் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. பெயரும் அமைப்பும் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்வி மாறாது: இந்தப் படிப்பை முடித்தால் என் மாநிலக் கவுன்சில் இதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியது பயிற்சி மையம் அல்ல, கவுன்சில்தான். படிப்பின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதி, கவுன்சிலுக்கே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். ‘ப்ராசஸ்ல இருக்கு’ என்ற பதிலை இன்றைய தேதியில் அங்கீகாரம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள் வகுப்பு நடந்தது. பொம்மையை வைத்து, கையால் அழுத்திச் செயற்கை மூச்சு கொடுக்கும் பையான அம்பு பேக்கை அழுத்தக் கற்றுத் தந்தார்கள். குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் ஒரு பழைய வார்மரும், வேலை செய்யாத ஒரு மானிட்டரும் இருந்தன. பிறகு ‘கிளினிக்கல் போஸ்டிங்’ என்ற பெயரில் எங்களை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே சென்ற பிறகுதான், அந்த மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவே எங்களைப் போன்ற பயிற்சியாளர்களை வைத்துத்தான் ஓடுகிறது என்பது புரிந்தது. எங்களுக்குச் சம்பளம் கிடையாது. இரவுப் பணியில் ஒரு நிரந்தரச் செவிலியரும் நாங்கள் இருவரும் இருப்போம். அந்தச் செவிலியரைப் பிரசவ அறைக்கு அழைத்துவிட்டால், சிபாப் என்ற மூச்சு உதவிக் கருவி பொருத்திய குழந்தை உட்படப் பிரிவு முழுவதும் எங்கள் இருவரின் பொறுப்பில் இருக்கும். வெண்டிலேட்டரில் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர் என்பது நல்ல பிரிவுகளில் கடைப்பிடிக்கும் நெறி. சிறப்புப் பிரிவுகளில்கூட மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும். அந்த நாட்களில் எனக்கு இருந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அலாரம் அடித்தால் கை குளிர்ந்துவிடும். விடுதிக்குத் திரும்பிப் படுத்தாலும் காதுக்குள் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது எல்லாம் நன்றாகப் போகிறது என்றே சொல்வேன். நகைக்கடன் வட்டியை அப்பா கட்டிக்கொண்டிருக்கும்போது வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை.

ஓர் இரவு நடந்ததைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒன்றரைக் கிலோ குழந்தை ஒன்றுக்கு ஜென்டாமைசின் 7.5 மில்லிகிராம் எழுதியிருந்தார்கள். எங்களிடம் இருந்தது பெரியவர்களுக்கான குப்பி, 2 மில்லியில் 80 மில்லிகிராம். அதில் 1 மில்லியை எடுத்து 3 மில்லி சலைன் கரைசலோடு கலந்தால் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் கிடைக்கும். அப்போது 0.75 மில்லி கொடுத்தால் சரியான அளவு. ஆனால் குறிப்பேட்டில் ‘0.75 மில்லி’ என்று மட்டும் இருந்தது. கலந்த பிறகா, கலக்காமலா என்று எழுதவில்லை. கலக்காமல் அந்த 0.75 மில்லியைச் செலுத்தினால் குழந்தைக்கு 30 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு போய்ச் சேரும். சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடிய மருந்து அது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். தூக்கத்தைக் கெடுத்ததற்காகக் கடிந்துகொண்டார், ஆனாலும் பதில் சொன்னார். மறுநாள் நிர்வாகத்திலிருந்து எனக்கு எச்சரிக்கை வந்தது. பயிற்சியாளர் நேரடியாக மருத்துவரை அழைக்கக் கூடாதாம்.

பயிற்சிக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மருந்தைக் கலக்கும் முறை எழுத்தில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா, ஒருவர் எடுக்கும் மருந்தை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் இருக்கிறதா, சந்தேகம் கேட்கிற இளையவரைத் தட்டிக்கொடுக்கிறார்களா, திட்டுகிறார்களா என்று பாருங்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான மருந்தில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு ஆகிவிடும். சேருவதற்கு முன் அரை மணி நேரம் பிரிவைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கை கழுவும் தொட்டி நுழைவாயிலிலேயே இருக்கிறதா, அதைக் கடக்கும் மருத்துவர்களும் நின்று கழுவுகிறார்களா, எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை செவிலியர்கள் நிற்கிறார்கள் என்பதை உங்கள் கண்ணாலேயே எண்ணிக்கொள்ளலாம். சுற்றிப் பார்க்க அனுமதி மறுக்கும் இடத்தில் சேராதீர்கள்.

அந்த மருத்துவமனையில்தான் என் கையில் இருந்த குழந்தை இறந்துபோவதை முதன்முதலாகப் பார்த்தேன். 26 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை. அதன் தந்தைக்குச் செய்தி சொல்லும் பொறுப்பையும் பயிற்சியாளர்களிடமே விட்டுவிட்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை, “பில்லு எவ்வளவு சிஸ்டர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கழிவறைக்குள் சென்று வெகுநேரம் அழுதேன். அடுத்த நாள் அதே வார்மரில் வேறொரு குழந்தை படுத்திருந்தது, அதே பணி தொடர்ந்தது. இந்தத் துறையில் இறப்பு வரும் என்பதையும், இறந்த குழந்தையைத் தாயின் கையில் எப்படிக் கொடுப்பது, என்ன பேசுவது, எதைப் பேசக் கூடாது என்பதையும் கற்பிக்க வேண்டும். அது கற்பிக்கக்கூடியதே என்பதைப் பின்னாளில் நல்ல பிரிவு ஒன்றில் தெரிந்துகொண்டேன். அங்கே ஓர் இறப்பு நிகழ்ந்தால் அந்த ஷிஃப்டில் இருந்தவர்களை இன்சார்ஜ் சிஸ்டர் உட்காரவைத்துப் பேசவைப்பார். நடந்தது என்ன, வேறு ஏதாவது செய்திருக்க முடியுமா, யாருக்கு விடுப்பு தேவை என்று கேட்பார். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் தனியாகத் தாங்கிக்கொள்ள முயல வேண்டாம். படித்த கல்லூரியின் ஆசிரியையிடமாவது பேசுங்கள்.

ஓராண்டு முடிந்ததும் ‘தேர்வுக் கட்டணம்’ என்று 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பளபளப்பான ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முயன்றபோது, பட்டியலில் அப்படி ஒரு படிப்பே இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரியானதே. பெரிய மருத்துவமனை ஒன்றின் நேர்காணலில் மனிதவளப் பிரிவினர் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைப் படிப்பாகவும் எடுத்துக்கொள்ள முடியாது, பயிற்சியாளராக இருந்ததால் அனுபவமாகவும் கணக்கிட முடியாது என்றார்கள். அந்த ஓராண்டில் வேறெங்காவது ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்திருந்தால் மாதம் 12,000 ரூபாயாவது கிடைத்திருக்கும், ஓராண்டு அனுபவச் சான்றும் கையில் இருந்திருக்கும். செலவழித்த பணத்தைவிட இந்தக் கணக்குதான் என்னை அதிகம் வருத்தியது. வெளிநாட்டு வேலைக்கும் அது உதவவில்லை. வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பித்தால் உங்கள் சான்றிதழ்களை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாகச் சரிபார்ப்பார்கள். டேட்டாஃப்ளோ என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அங்கீகாரமில்லாத சான்றிதழைச் சேர்த்து அனுப்பினால் மற்ற நல்ல சான்றிதழ்களின் சரிபார்ப்பும் சிக்கலாகும்.

இதற்கு மேல் இன்னொரு தொல்லையும் இருந்தது. சேரும்போதே என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையும் பட்டச் சான்றையும் ‘சரிபார்த்துத் தருகிறோம்’ என்று வாங்கி வைத்திருந்தார்கள். படிப்பு முடிந்ததும், அதே மருத்துவமனையில் இரண்டாண்டு வேலை செய்தால்தான் தருவோம், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அம்மாவும் அப்பாவும் பயந்துபோய், இருந்துவிட்டு வா என்றார்கள். பக்கத்து ஊரிலிருந்த ஒரு வழக்கறிஞர் அக்கா சொல்லித்தான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. கல்விச் சான்றிதழ்கள் விற்பனைப் பண்டம் அல்ல, பணத்துக்காக அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு வழக்கறிஞர் வழியாக ஒரு கடிதம் சென்றது. அடுத்த வாரமே சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன. கட்டிய பணம் வரவில்லை.

பிறகு நான் சென்ற பாதையே முறையான பாதை. அது தொடக்கத்திலிருந்தே இருந்தது, யாரும் கை காட்டவில்லை. தேசிய நியோனடாலஜி ஃபோரம் என்பது 1980இல் தொடங்கப்பட்ட பச்சிளங்குழந்தை மருத்துவ அமைப்பு. அது பிரிவுகளைத் தரம் பார்த்து அங்கீகாரம் வழங்குகிறது. அப்படி அங்கீகாரம் பெற்ற பிரிவு கொண்ட ஒரு மருத்துவமனையில் சாதாரண ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். தொடக்கச் சம்பளம் 13,000 ரூபாய். முதல் சில வாரங்கள் தனியாக ஒரு குழந்தையும் எனக்குத் தரப்படவில்லை. ஒரு மூத்த சிஸ்டரோடு இணைத்தார்கள். ஒவ்வொரு செயலையும் முதலில் பார்க்க வேண்டும், பிறகு அவர் பார்க்கச் செய்ய வேண்டும், அதன்பிறகே அவர் ஏட்டில் கையெழுத்திடுவார். ஊசி போடத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை அவர் முதல் நாள் கை கழுவ மட்டுமே வைத்தார். “ஏம்மா, இங்க மருந்தைவிடத் தண்ணியும் சோப்பும்தான் நிறைய புள்ளைங்களக் காப்பாத்துது” என்றார். நோய்த்தொற்றால் நாம் இழக்கும் பச்சிளங்குழந்தைகளை நினைத்துப் பார்த்தால் அது முழு உண்மை.

அங்கே கற்றவற்றில் சிலவற்றையாவது எழுதாமல் இருக்க முடியாது, ஏனென்றால் உண்மையான பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு அவைதான் சான்று. குழந்தையின் உடல் வெப்பத்தை 36.5இலிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருப்பது தெர்மாமீட்டர் வேலை என்று நினைத்திருந்தேன். பிரசவ அறையின் மின்விசிறியை நிறுத்துவது, துணியை முன்பே வெதுவெதுப்பாக்குவது, ஈரத்துணியை உடனே மாற்றுவது, தொப்பி போடுவது என்று பிறப்பதற்கு முன்பே தொடங்குகிற வேலை அது. மூச்சு விடாமல் பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் செயற்கை மூச்சு தொடங்கியாக வேண்டும். அதற்கு அம்பு பேக்கும் மாஸ்க்கும் சரியான அளவில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90க்கும் 95 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும், நூறைத் தொட்டால் மகிழக் கூடாது என்பதும் அங்கேதான் என் மனத்தில் பதிந்தது. அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுக்கும். 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் கண் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது அந்தத் தேதியைத் தாய்க்குச் சொல்லி, எழுதிக் கொடுத்து, அவரைத் திரும்பச் சொல்லவைப்பது செவிலியரின் வேலை. முந்தைய மருத்துவமனையில் மானிட்டர் 100 காட்டினால் நிம்மதியாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்தால் இன்னமும் நெஞ்சு பதறுகிறது.

கங்காரு பராமரிப்பு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை அது. தாயின் வெறும் மார்பில் குழந்தையை நிமிர்த்திக் கட்டி வைப்பதுதான் முறை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையில், குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்தவுடனே இதைத் தொடங்கி, நாளொன்றுக்கு 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை தரச் சொல்கிறது. வெண்டிலேட்டர் தேவைப்படுகிற, அதிர்ச்சி நிலையில் இருக்கிற குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அறுவைக் காயத்தோடு வந்து உட்காரும் இருபது வயதுத் தாய் ஒருவரிடம், ‘இந்தச் சின்ன உயிரை நீதான் தாங்கப் போகிறாய்’ என்று நம்பிக்கை கொடுப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். மாமியார் வெளியே நின்று, “குளிரில் புள்ளையை ஏன் துணி இல்லாம வச்சிருக்கீங்க?” என்று கேட்பார். அவருக்கும் பொறுமையாக விளக்க வேண்டும். அவரையே உள்ளே அழைத்து, கை கழுவவைத்து, ஒரு மணி நேரம் அவர் மார்பில் குழந்தையை வைத்துவிட்டால் அதன்பிறகு கேள்வியே வராது.

அங்கே பணிபுரிந்தபடியே, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் நியோனடாலஜி ஃபோரமும் இணைந்து நடத்தும் பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிற்சியை முடித்தேன். அடிப்படைப் பயிற்சி ஒரே நாள்தான், பொம்மையை வைத்துச் செய்துகாட்டித் தேற வேண்டும். எந்தத் தனியார் டிப்ளமோவையும்விட இந்த ஒரு நாள் சான்றுக்கு நேர்காணலில் மதிப்பு உண்டு. பிறகு, கவுன்சில் ஏற்கும் போஸ்ட் பேசிக் டிப்ளமோ இன் நியோனடல் நர்சிங் என்ற, அடிப்படைப் படிப்புக்குப் பிந்தைய பச்சிளங்குழந்தைச் செவிலியப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். அதன் காலம் ஓராண்டு. பதிவு பெற்ற செவிலியராக இருப்பதோடு ஓராண்டுப் பணி அனுபவமும் கேட்பார்கள். ஜி.என்.எம். படித்தவர்களும் சேரலாம். படிப்பின் பெரும்பகுதி வார்டிலேயே நடக்கும். இடங்கள் மிகக் குறைவு என்பதால் அறிவிப்பு வரும் மாதத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்களில் படிக்கும் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. கற்பித்தலில் நாட்டமுள்ளவர்கள் இரண்டாண்டு எம்.எஸ்சி. நர்சிங்கில் குழந்தைகள் நலப் பிரிவை எடுக்கலாம். எனக்குக் குழந்தைகளின் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதால் டிப்ளமோவே போதுமென்று முடிவு செய்தேன்.

அரசுப் பணிக்குச் செல்ல நினைப்பவர்களுக்குத் தனியாக எந்த என்.ஐ.சி.யு. சான்றிதழும் தேவையில்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகச் செவிலியராகச் சேர்ந்து, எஸ்.என்.சி.யு.வில் நியமிக்கப்பட்டால், அரசே பயிற்சி அளிக்கும். 2009இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தின் இரண்டு நாள் பயிற்சி ஒன்று. மருத்துவமனை சார்ந்த பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக்காக நான்கு நாள் வகுப்பும், அதைத் தொடர்ந்து பயிற்சி மையத்தில் இரண்டு வாரம் உடனிருந்து கற்பதும் மற்றொன்று. இரண்டுக்கும் நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பூதியம்தான் கிடைக்கும் என்பதையும், பணி நிரந்தரமாவதற்குக் காத்திருக்க நேரும் என்பதையும் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

நான் சிக்கியதைப் போன்ற ஓர் இடத்தில் இப்போது இருப்பவர்கள், இன்னும் சில மாதம்தானே என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் மூலச் சான்றிதழ்களை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள், அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள் அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள். விடுதிக் கட்டணத்துக்கு எனக்கு ஒரு ரசீதுகூடத் தரவில்லை, அதனால் பின்னர் அந்தத் தொகையைப் பற்றிப் பேசவே முடியாமல் போயிற்று. பணி அட்டவணையில் உங்கள் பெயர் இருக்கும் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள், ஆனால் நோயாளிகளின் பெயரோ குழந்தைகளின் முகமோ அதில் வரக் கூடாது. கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதி எது என்று பார்த்து, அதைத் தவறவிடாதீர்கள். கட்டிய பணம் வீணாகிறதே என்ற எண்ணம்தான் நம்மை அங்கே உட்காரவைக்கிறது. அந்த எண்ணத்தால் நான் அங்கே இருந்த ஒவ்வொரு மாதமும் விடுதிக் கட்டணமாக 5,500 ரூபாய் கூடுதலாகவே போனது. பிறகு என்னைப் பணியில் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை அந்த டிப்ளமோவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கவுன்சில் பதிவு எண்ணைச் சரிபார்த்தார்கள், ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு மருந்தின் அளவைக் கணக்கிடச் சொன்னார்கள், அடுத்த திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்கள்.